முதல் ஐம்பது மணி நேரத்துக்கு எந்தக் கிட்?

"அண்ணே, எங்கிட்டு இருந்து சுடுறாய்ங்கன்னே தெரியல."

உசிலம்பட்டியில் இருக்கும் என் சித்தி மகன், ஸ்குவாட் என்ற கணினிப் போர் ஆட்டத்தை விளையாடிய முதல் நாள் ராத்திரி போனில் சொன்னது இது. ஒரு மணி நேர ஆட்டத்தில் பதினொரு முறை செத்திருக்கிறான். சுட்டது இரண்டே தடவை. அதில் ஒன்று சொந்த அணிக்காரன் முதுகில் பட்டிருக்கிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டான்: "ஸ்கோப் வச்ச துப்பாக்கிய எடுத்தா சரியாப் போயிரும்லண்ணே?"

சரியாகப் போகாது. ஆனாலும் அவன் கேட்க வேண்டியதைத்தான் கேட்டான். இந்த ஆட்டத்தில் களத்தில் இறங்கும் முன் நீங்கள் யார் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரணத் துப்பாக்கிக்காரரா, மருத்துவரா, மெஷின் கன் தூக்குபவரா, டாங்கி அடிப்பவரா என்பதைப் பொறுத்துக் கையில் வரும் சாமான்கள் மாறும். அந்தச் சாமான் மூட்டைக்குத்தான் கிட் என்று பெயர். புதிதாக வருபவர் எந்தக் கிட்டில் ஆரம்பித்தால் சீக்கிரம் தேறுவார் என்று அன்றைக்கு அவனிடம் பேசியதை, விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். செல்லூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து மூன்று வருடமாக ஆடுகிறேன். பெரிய சூரன் இல்லை, செத்துச் செத்துப் படித்தவன்.

ஆட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு நாலு வரி. ஸ்குவாடைச் செய்தது கனடாவின் ஆஃப்வேர்ல்டு இண்டஸ்ட்ரீஸ். 2015 டிசம்பரில் ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையில் முன்னோட்டமாக வந்து, 2020 செப்டம்பரில் முழு ஆட்டமாக வெளியானது. பேட்டில்ஃபீல்டு 2 ஆட்டத்தை வைத்து ரசிகர்கள் உருவாக்கிய புராஜெக்ட் ரியாலிட்டிதான் இதற்குத் தாய்வீடு. ஒரு பக்கம் 50 பேர், எதிரில் 50 பேர். ஒவ்வொரு பக்கமும் அதிகபட்சம் 9 பேர் கொண்ட குழுக்களாகப் பிரியும். திரை ஓரத்தில் மினிமேப் கிடையாது. சுட்ட குண்டு எதிரி மேல் பட்டதா என்று காட்டும் குறியும் கிடையாது. யாரை யார் சாய்த்தார் என்று மூலையில் ஓடும் வரிகளும் இல்லை. நம்ம ஆளைச் சுட்டால் நம்ம ஆள் விழுவார்.

இன்னொன்று, டிக்கெட் கணக்கு. இரண்டு அணிக்கும் தொடக்கத்தில் இத்தனை டிக்கெட் என்று இருக்கும். அடிபட்டு விழுந்தவர் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் கைவிட்டு, வேறு இடத்தில் மறுபடி இறங்கினால் ஒரு டிக்கெட் போகும். விழுந்த இடத்திலேயே யாராவது எழுப்பிவிட்டால் ஒன்றும் போகாது. டிக்கெட் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. கிட் விஷயத்தில் நான் சொல்லப்போகும் பாதி இந்தக் கணக்கிலிருந்து வருவது.

என் கை படிந்தது கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற இன்னொரு துப்பாக்கி ஆட்டத்தில். கல்லூரிக் காலத்தில் பெரியார் பேருந்து நிலையம் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய். அங்கே யார் முதலில் மவுஸைத் திருப்புகிறானோ அவன் ராஜா. அந்தப் பழக்கத்தோடு ஸ்குவாடுக்குள் வந்து, சண்டை நடக்கும் இடத்தைத் தேடித் தேடி ஒற்றை ஆளாக ஓடினேன். சுட்டவனைக் கண்ணால் பார்க்காமலே முதல் வாரம் முடிந்தது. தம்பியின் பதினொன்றைக் கேட்டுச் சிரித்தேனே தவிர, என் முதல் ராத்திரியின் கணக்கை அவனிடம் சொல்லவில்லை.

கிட்டை எடைபோட நான் வைத்திருக்கும் படிக்கல் ஒன்றுதான். நான் தப்புச் செய்தால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும்? என் தலையில் மட்டும் விழுந்தால் புதியவருக்கு அந்தக் கிட் நல்லது. மற்ற எட்டுப் பேர் தலையிலும் விழுமென்றால் கொஞ்ச நாள் பொறுக்கலாம். எந்தக் கிட்டில் எத்தனை பேரைச் சாய்க்கலாம் என்பதெல்லாம் அப்புறம்.

தம்பி ஆசைப்பட்ட மார்க்ஸ்மேனை முதலில் முடித்துவிடலாம். தொலைநோக்கு வைத்த துப்பாக்கி, தூரத்துக் குறி. புதியவர் கண்ணுக்கு இனிப்பான கிட் இதுதான், ஆட்டத்தை மிகக் குறைவாகக் கற்றுத்தருவதும் இதுதான். எடுத்த உடனே குழுவை விட்டு விலகி ஒரு மேட்டில் போய்ப் படுத்துக்கொள்வீர்கள். அங்கே உங்களை எழுப்ப ஆள் வராது. குழு என்ன செய்கிறது என்று உங்களுக்கும் தெரியாது. குண்டு தூரத்துக்கு ஏற்பத் தாழ்ந்து போகும், அதற்குக் குறியை உயர்த்தத் தெரிய வேண்டும். குழுவில் இந்தக் கிட் எடுக்க ஒருவருக்குத்தான் இடம், அந்த இடத்தை அடைத்துக்கொண்டு மேட்டில் படுத்திருப்பவரைப் பற்றி மற்றவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் பேசியிருக்கிறேன்.

சரி, சாதாரண ரைஃபிள்மேன். பெயரிலேயே ஒரு சப்பென்ற தன்மை இருப்பதால் யாரும் ஆசையாக எடுப்பதில்லை. ஒரு துப்பாக்கி, கையெறி குண்டு, புகைக் குண்டு, காயத்துக்குக் கட்டும் துணி, ஒரு மண்வெட்டி. அதோடு ஒரு குண்டுப் பை. அந்தப் பையைத் தரையில் வைத்தால் குழுவில் யாரும் வந்து தங்களுக்கு வேண்டிய தோட்டாவை எடுத்துக்கொள்ளலாம். டாங்கி அடிப்பவரின் ராக்கெட் தீர்ந்தால் அவர் தேடிவருவது உங்களைத்தான். அதனால் பையைப் பார்த்த இடத்தில் எல்லாம் போட்டுத் தீர்த்துவிடக் கூடாது. அதைத் தவிர உங்களை நம்பி யாரும் இல்லை. நீங்கள் செத்தால் ஒரு டிக்கெட், அவ்வளவுதான் நஷ்டம். இந்தச் சுதந்திரம் வேறு எந்தக் கிட்டிலும் கிடைக்காது. அந்தச் சுதந்திரத்தில் நிலத்தைப் படிக்க வேண்டும்.

நிலத்தைப் படிப்பது என்றால் என்ன என்று தம்பி கேட்டான். அவனுக்குப் புரியும்படி ஊரை வைத்துச் சொன்னேன். சீமைக்கருவேலப் புதருக்குப் பின்னால் நின்றால் எதிரி உன்னைப் பார்க்க மாட்டான், ஆனால் குண்டு உள்ளே வரும். கிணற்றுச் சுவருக்குப் பின்னால் நின்றால் குண்டும் வராது. முதலாவது மறைவு, இரண்டாவது காப்பு. புதியவர்கள் மறைவில் உட்கார்ந்துகொண்டு காப்பில் இருப்பதாக நினைப்பார்கள். புதரிலிருந்து ஒரு தடவை சுட்டாலே இடம் காட்டிக் கொடுத்துவிடும், அடுத்த நொடியில் புதரோடு சேர்த்துச் சல்லடையாக்குவார்கள். புதரைப் பார்ப்பதற்கு வைத்துக்கொள், சுடுவதற்குச் சுவரைத் தேடு. சுவரிலும் ஒரே ஓரத்தில் இரண்டாம் தடவை தலை நீட்டாதே, அங்கே ஏற்கெனவே ஒருவன் குறிவைத்துக் காத்திருப்பான்.

மேலூர் ரோட்டில் போகும்போது ஒத்தக்கடை தாண்டி யானைமலையை நிமிர்ந்து பார்த்திருப்பீர்கள். மலை முதுகில் ஒரு ஆள் நின்றாலும் வானத்தின் மேல் மை வைத்த மாதிரி தெரியும். அதே ஆள் பத்தடி கீழே சரிவில் நின்றால் பாறையோடு பாறையாகிவிடுவான். ஸ்குவாடில் யெஹோரிவ்கா, கோராடோக் போன்ற பரந்த களங்களில் புதியவர்கள் சாவதில் பெரும்பங்கு இப்படித்தான். குன்றைக் கண்டால் உச்சிக்கு ஏறி நின்று சுற்றிப் பார்ப்பார்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, சரிவை ஒட்டிப் போக வேண்டும். எட்டிப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் படுத்துக்கொண்டு, ஒரு கல்லோ மரமோ பின்னணியில் இருக்கும்படி பார்க்க வேண்டும்.

கட்டிடம் என்றால் வேறு பாடம். அலங்காநல்லூரில் வாடிவாசலுக்கு நேர் எதிரே எந்த அனுபவசாலியாவது நிற்கிறானா? காளை வரும் வழியை விட்டுப் பக்கவாட்டில் அணைந்துதான் நிற்பான். ஃபலூஜா, நார்வா போன்ற நகரக் களங்களில் ஒவ்வொரு கதவும் ஒரு வாடிவாசல். கதவு நிலையில் நின்று உள்ளே நோட்டம் விடுபவர்தான் முதலில் விழுவார். உள்ளே போவதென்றால் சட்டென்று நுழைந்து ஒரு மூலைக்குப் போய்விட வேண்டும். போக வேண்டாமென்றால் கதவின் நேர்க்கோட்டையே தாண்டக் கூடாது. காவல் இருப்பதானாலும் கதவுக்கு நேரே இருக்காமல் மூலையிலிருந்து குறுக்காகப் பார்க்க வேண்டும்.

இன்னொரு தப்பு நெருக்கம். அழகர் ஆற்றில் இறங்கும்போது நிற்பதுபோல் தோளோடு தோள் உரசி நின்றால் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே கையெறி குண்டு போதும். ஒருவரை ஒருவர் பார்க்கும் தூரம், ஆனால் ஒரு வெடியில் இருவர் விழாத தூரம் வேண்டும்.

ஓட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் காலாட்படைச் சண்டையை அடியோடு மாற்றும் ஒரு புதுப்பிப்பு வந்தது. அதிலிருந்து ஓடி வந்து நின்றவுடன் சுட்டால் துப்பாக்கி ஊசல் மாதிரி ஆடும். தலைக்கு மேல் குண்டு பறந்தால் பார்வை மங்கும், கை நடுங்கும். முன்பு வேகமாகச் சுடத் தெரிந்தவர்கள் பலர் இதற்காக அழுதார்கள். எனக்குச் சந்தோஷம், என் கை எப்போதுமே மெதுதான். புதியவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, சண்டை எதிர்பார்க்கும் இடத்துக்கு ஐம்பது அறுபது மீட்டர் முன்பே ஓட்டத்தை நிறுத்தி நடப்பது. மூச்சு மிச்சம் இருப்பவர் முதலில் சுட வேண்டிய அவசியம்கூட இல்லை.

இதெல்லாம் எல்லாக் கிட்டுக்கும் பொது. ஆனால் ரைஃபிள்மேனாக இருந்தால்தான் இதில் மட்டும் மனசை வைக்க முடியும்.

அடுத்து மெடிக், அதாவது மருத்துவர். பழைய ஆட்டக்காரர்களைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் புதியவருக்குச் சொல்லும் ஆலோசனை: "மெடிக் எடு, குழு பின்னாடியே போ." இதில் நியாயம் இல்லாமல் இல்லை. மெடிக் குழுவை விட்டு விலக முடியாது, அதனால் தானாகவே ஒழுங்கு வரும். சுடத் தெரியாவிட்டாலும் உபயோகமாக இருக்கலாம். ஒரு ஆட்டத்தில் இருபது பேரை எழுப்பினால் அணிக்கு இருபது டிக்கெட் மிச்சம். எதிரியில் இருபது பேரைச் சாய்த்தாலும், அவர்களை அங்கே யாராவது எழுப்பிவிட்டால் அந்தக் கணக்கு ஒன்றுமில்லாமல் போகும். எழுப்பியவருக்கு எல்லோரும் நன்றி சொல்வார்கள். ஆங்கிலம் வராதவருக்குக்கூட அந்த ஒரு வார்த்தை தெம்பு கொடுக்கும்.

ஆனாலும் முதல் கிட்டாக மெடிக்கை நான் சொல்ல மாட்டேன். காரணம் மேலே சொன்ன படிக்கல்தான். விழுந்தவரைக் கட்டுத்துணி கொண்டு எழுப்ப யாராலும் முடியும். எழுந்தவரின் உடம்பை முழுதாகத் தேற்ற மெடிக்கின் பைதான் வேண்டும். ஆக மெடிக் செத்தால் அரைகுறை உயிரோடு ஐந்தாறு பேர் அலைவார்கள், அடுத்த சண்டையில் ஒவ்வொருவராகச் சரிவார்கள். அவசரக்கார மெடிக் எப்படிச் சாவார் என்பது எனக்கு மனப்பாடம். ஒருவர் விழுவார். மெடிக் அவரை நோக்கி ஓடுவார். அதே இடத்தில் அவரும் விழுவார். அவரை எழுப்ப இரண்டாவது மெடிக் ஓடுவார். ஒரு கோதுமை வயல் ஓரத்தில் என் குழுவில் இப்படி ஐந்து பேர் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாவது ஆள் நான்.

ஒருவர் விழுந்த இடம் எதிரியின் கண் படும் இடம். ஓடும் முன் இதை மனதில் நிறுத்துவதுதான் மெடிக் வேலையின் முதல் பாடம். நிஜத்திலும் அப்படித்தான். 1996-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் வெளியிட்ட போர்க்கள முதலுதவி நெறியில், சூடு நடக்கும்போது முதல் வேலை திருப்பிச் சுடுவதும் மறைவதும்தான். சிகிச்சை அதற்கப்புறம். ஆட்டத்தில் இதைச் செய்யும் முறை: முதலில் எந்தத் திசையிலிருந்து சுட்டார்கள் என்று கேளுங்கள். அந்தத் திசைக்கும் விழுந்தவருக்கும் நடுவில் புகைக் குண்டை வீசுங்கள். விழுந்தவர் மேலேயே வீசினால் எதிரி புகையின் நடுவைப் பார்த்துச் சுடுவான், அங்கேதானே மெடிக் இருப்பார் என்று அவனுக்கும் தெரியும். வீசியதும் ஓடாதீர்கள். புகை கெட்டியாகச் சில நொடி ஆகும், அந்தச் சில நொடி பொறுக்காமல் செத்தவர்கள் ஏராளம். எழுப்பியதும் அங்கேயே உட்கார்ந்து வைத்தியம் பார்க்காமல் சுவருக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பாருங்கள். அப்புறம், எல்லோரையும் எழுப்ப முடியாது. எதிரி பத்தடியில் நிற்கும்போது கிடப்பவரிடம் கைவிடச் சொல்வதும் மெடிக்கின் வேலைதான்.

இதைப் படித்தாலே தெரியும், மெடிக்குக்கு முதலில் வேண்டியது எங்கிருந்து சுடுகிறார்கள் என்ற அறிவு. "எங்கிட்டு இருந்து சுடுறாய்ங்கன்னே தெரியல" என்பவரிடம் புகைக் குண்டைக் கொடுத்து என்ன பயன்? அதனால்தான் பத்து மணி நேரமாவது ரைஃபிள்மேனாக இருந்து, சத்தத்தையும் நிலத்தையும் பழகிவிட்டு மெடிக்குக்கு வரச் சொல்கிறேன்.

இதற்கு இரண்டு விலக்கு. உங்கள் கணினி பழசு, ஆட்டம் திக்கித் திக்கி ஓடுகிறது, குறிவைத்தால் எதிரி இருந்த இடத்தில் இல்லை என்ற நிலைமை இருந்தால் நேராக மெடிக்குக்கே போங்கள். துப்பாக்கியால் செய்ய முடியாததைக் கட்டுத்துணியால் செய்யலாம். இரண்டாவது, நீங்கள் சேர்ந்த குழுவில் மெடிக்கே இல்லையென்றால் எந்தக் கட்டுரையையும் நினைக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். தடுமாறும் மெடிக்காவது ஒருவர் இருப்பது நல்லது.

மெஷின் கன் பக்கம் புதியவர்கள் வருவதே இல்லை. வருபவர்களும் பொத்தானை அழுத்திப் பிடித்துப் பெட்டியைக் காலி செய்துவிட்டு, "இதுல ஒண்ணுமே சாகலையே" என்று கிட்டை மாற்றிவிடுவார்கள். இது சாகடிப்பதற்கான கிட் என்று நினைப்பதுதான் பிழை. மேலே சொன்ன 2023 மாற்றத்துக்குப் பிறகு இதன் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. நீங்கள் சுடும் சன்னலில் இருப்பவருக்குப் பார்வை மங்கும், தலை நீட்ட முடியாது. அந்த நேரத்தில் உங்கள் குழு நாலு பேர் பக்கவாட்டில் போய் அந்த வீட்டுக்குள் நுழைவார்கள். நீங்கள் ஒருவரையும் சாய்த்திருக்க மாட்டீர்கள். அந்த வீடு விழுந்தது உங்களால்தான்.

கற்றுக்கொள்ள வேண்டியது மூன்றே விஷயம். துப்பாக்கியின் கால்தாங்கியை ஊன்றாமல் சுடக் கூடாது, படுத்தோ சுவர் மேல் வைத்தோதான் சுட வேண்டும். நாலைந்து குண்டாக விட்டு விட்டுச் சுட வேண்டும். இரண்டு மூன்று தடவை சுட்டதும் இடம் மாற வேண்டும், ஏனென்றால் அந்தச் சத்தமும் ஒளிக்கோடும் களத்தில் எல்லோருக்கும் உங்கள் விலாசத்தைச் சொல்லிவிடும். இதில் பெரிய சிக்கல், முன்னால் போகும் நம்மவர்கள். குழு எங்கே என்று வரைபடத்தைப் பார்க்காமல் சுட்டால் முதுகில் அடிப்பீர்கள். ஒரு பெட்டியில் இருக்கும் குண்டுகளை நினைத்துப்பாருங்கள். என் படிக்கல்லில் வைத்தால் மெஷின் கன் மெடிக்கை விடக் கொஞ்சம் இலகு, ரைஃபிள்மேனை விடக் கனம். முப்பது மணி நேரம் கடந்தவர் தாராளமாக எடுக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தப் பத்தியில் பாரபட்சம் தெரிந்தால் அதற்கு அதுதான் காரணம்.

டாங்கி அடிக்கும் லைட் ஆன்ட்டி டேங்க் கிட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கலகக்காரர் பக்கம் இருந்தால் ஆர்பிஜி-7 என்ற தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் ஏவி கிடைக்கும். கையில் இருக்கும் ராக்கெட் சொற்பம். தூரத்தில் ஓடும் ஒற்றை ஆள் மேல் அதை வீணடிப்பதுதான் புதியவர்களின் முதல் வேலை. அடுத்த நிமிஷம் கவச வண்டி வந்து நிற்கும், குழுவே உங்களைத் திரும்பிப் பார்க்கும். பெரிய டாங்கியை முன்பக்கத்தில் அடித்துப் பயனில்லை. பக்கவாட்டிலோ பின்னாலோ அடிக்க வேண்டும், முடியாவிட்டால் சக்கரச் சங்கிலியை அடித்து நகர விடாமல் செய்ய வேண்டும். ஆசை இருந்தால் ஜென்சன்ஸ் ரேஞ்ச் என்ற பயிற்சிக் களத்தில் ஒரு சாயங்காலம் முழுக்கச் சுட்டுப் பழகிவிட்டு வாருங்கள்.

குழுத் தலைவர் கிட் பற்றிக் கேட்கவே வேண்டாம். எடுக்காதீர்கள். எடுக்காமலே அது உங்கள் தலையில் விழவும் கூடும், தலைவர் ஆட்டத்தை விட்டுப் போய்விட்டால் பொறுப்பு குழுவில் இன்னொருவருக்குத் தானாக மாறும். அப்படி வந்தால் பதறாமல் மைக்கில் "ஐ ஆம் நியூ, சம்படி டேக் லீட்" என்று சொல்லி, கை நீட்டுபவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். சொல்லாமல் வைத்துக்கொண்டால்தான் கோபிப்பார்கள்.

எந்தக் கிட் எடுத்தாலும் வாய் பேச வேண்டும் என்பதுதான் நம் பக்கத்துப் பையன்களுக்குப் பெரிய தடை. ஆசிய சர்வர்களில் ஆங்கிலம், இந்தி, சீனம் என்று கலந்து ஓடும். வி பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும், பி பொத்தானில் முழுக் குழுவுக்கும் கேட்கும். தம்பிக்கு மைக்கைத் தொடவே கூச்சம். இலக்கணம் வேண்டாம், இருபது வார்த்தை போதும் என்று சொன்னேன். "கான்டாக்ட், த்ரீ ஃபார்ட்டி, டூ ஹண்ட்ரட் மீட்டர், ட்ரீ லைன்." திசை, தூரம், இடம். இவ்வளவுதான். திரையின் அடியில் திசைகாட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. அதில் தெரியும் எண்ணைப் படித்துச் சொன்னால் ஒன்பது பேரும் ஒரே பக்கம் திரும்புவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நம் ஊர் திசையைத் தெருப்பெயரிலேயே வைத்திருக்கிறது. மேலமாசி வீதி, கீழமாசி வீதி, வடக்கு வெளி வீதி, தெற்கு வெளி வீதி. கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் திசையால் எண்ணிய ஊர். ஆனால் வழி கேட்டால் "அங்கிட்டுப் போய் இங்கிட்டுத் திரும்புங்க" என்போம். அது கையை நீட்டிக் காட்டும்போது புரியும். மைக்கில் கை தெரியாது. "அங்கிட்டு இருக்கான்" என்று நான் கத்திய ஒரு ஆட்டத்தில் நாலு பேர் நாலு பக்கம் திரும்பினார்கள், அவன் ஐந்தாவது பக்கத்திலிருந்து வந்தான்.

எண் பழகும் வரை மேலமாசி, கீழமாசி என்றே எங்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். நாங்கள் இருவரும் தனியாக டிஸ்கார்ட் என்ற பேச்சுச் செயலியில் பேசிக்கொள்வோம். மேலமாசி என்றால் மேற்கு, அவனுக்கு உடனே புரிகிறது. ஒருமுறை அவன் அதைப் பழக்க தோஷத்தில் குழு மைக்கிலேயே சொல்லிவிட்டான். மறுமுனையில் ஒருவர் ரொம்ப மரியாதையாக "விச் கிரிட்?" என்று கேட்டார், வரைபடத்தில் அது எந்தக் கட்டம் என்று.

ஆக என் கணக்கு இது. முதல் பத்து மணி நேரம் ரைஃபிள்மேன், தலைவர் போகும் இடத்துக்கெல்லாம் பின்னால் போய், மண்வெட்டி பிடிக்கச் சொன்னால் பிடித்து, சும்மா இருக்கும்போதெல்லாம் எம் பொத்தானை அழுத்தி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு. அடுத்த இருபது மணி நேரம் மெடிக். அதற்குள் எங்கே எப்படிச் சாகிறார்கள் என்று மற்றவர்களைப் பார்த்தே தெரிந்துவிடும், தினம் முப்பது பிணத்தைக் குனிந்து பார்ப்பவருக்குத் தெரியாதா? மிச்ச இருபதில் மெஷின் கன்னையோ லைட் ஆன்ட்டி டேங்கையோ மாற்றி மாற்றி எடுக்கலாம். மார்க்ஸ்மேன் ஐம்பதுக்கு அப்புறம். நண்பர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஆடுபவர்கள் இந்த வரிசையைக் கண்டுகொள்ள வேண்டாம், ஒருவர் தப்பை இன்னொருவர் திட்டித் திருத்திவிடுவார். தனியாக, தெரியாத எட்டுப் பேரோடு ஆடுபவர்களுக்குத்தான் இது.

ஹெல் லெட் லூஸ் ஆடப் போகிறவர்களும் கேட்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் களம், அங்கேயும் 50-க்கு 50, காலாட்படைக் குழுவில் 6 பேர். இந்த வரிசையை முக்கால்வாசி அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தம்பி வரிசையை அப்படியே பின்பற்றவில்லை. ஏழு மணி நேரத்திலேயே மெடிக்குக்குத் தாவிவிட்டான். போன சனிக்கிழமை ராத்திரி இருவரும் ஒரே குழு. அல் பஸ்ராவில் ஒரு தெருமுனையைத் தாண்டும்போது எனக்கு அடி விழுந்து திரை கறுத்துவிட்டது. டிஸ்கார்டில் தம்பி குரல், பதற்றமே இல்லாமல்: "அண்ணே, கைவிட்டுறாதீங்க. புகை கையில வச்சிருக்கேன். எங்கிட்டு இருந்து சுட்டாய்ங்க?"

"அங்கிட்டு இருந்துதான்டா, சீக்கிரம் வா!" என்றேன்.